தொண்டைக்கட்டு என்று தள்ளிவிடலாமா?

பொது வாழ்வில் இறங்கியவனுக்குக் குரலே மூலதனம். பணமில்லாதவன் தலைவனாகியிருக்கிறான், பட்டம் பெறாதவன் தலைவனாகியிருக்கிறான், வாய் திறந்து நாலு பேருக்குக் கேட்கும்படி பேச முடியாதவன் மேடையேறியதைக் காண்பது அரிது. தேர்தல் காலத்தில் ஒரே நாளில் எட்டு இடங்களில் பேசிவிட்டு, மறுநாள் காற்றாய்ப் போன குரலில் 'தொண்டை கட்டிவிட்டது' என்று சொல்லும் ஊழியரின் முகத்தில் வருத்தத்தைக் காட்டிலும் பெருமையே அதிகமாகத் தோன்றுகிறது. போர்க்களத்தில் பட்ட விழுப்புண்ணைப்போல் அதைக் கருதுவது நம்மவர் வழக்கம். அந்தப் பெருமையின் நிழலில் ஒளிந்துகொண்டு ஒரு சத்துரு வரக்கூடும் என்பதைப் பற்றியே இன்று எழுத முற்படுகிறோம்.

கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையை அந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. ஆடும் மாடும், தானியமும் காய்கறியும், துணியும் பாத்திரமும் மலைபோல் குவியும். மாட்டுத் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து மௌனமாகவே விலை பேசி முடித்துவிடுவார். காய்கறிக்காரருக்கோ அந்தச் சௌகரியம் கிடையாது. பொழுது விடிந்தது முதல் சாயும் வரையில் அவர் கூவிக்கொண்டே இருக்கவேண்டும். கூவாத அன்று சரக்கு வாடும். சரக்கு வாடினால் அடுப்பும் அணையும். இந்த ஊரின் முகமோ சமீப வருஷங்களில் மாறி வருகிறது. மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் செய்யும் பெரிய ஆலை வந்திருக்கிறது. தொழிலாளரை ஏற்றிக்கொண்டு பஸ்கள் இரவு பகலாய் ஓடுகின்றன. அங்கும் யந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினால்தான் மேஸ்திரியின் சொல் அடுத்தவன் காதில் விழும்.

இப்படிப்பட்ட ஊரில் தொண்டை கட்டாத மனிதன் யார்? ஐம்பத்தைந்து வயதான வியாபாரி ஒருவருக்குக் குரல் கம்முகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால். இரண்டாம் வாரம் அதிமதுரம், சித்தரத்தை. மூன்றாம் வாரம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. பிறகு 'சந்தைத் தூசி' என்று ஒரு சமாதானம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அந்தச் சமாதானமே உண்மையாகவும் இருந்துவிடுகிறது. மிச்சமுள்ள சிலரின் கதியைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். அந்தச் சிலரில் பலருக்குக் குரல்வளையின் மேல்தோலில் பிறக்கும் சாதாரணப் புற்றுநோய். புகையிலைக்கும் பீடிக்கும் மதுவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. குரல்வளையில் தோன்றும் புற்றுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இந்த இனமே. ஆனால் மிகவும் அபூர்வமாக, இதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத வேறொரு புற்றும் அதே இடத்தில் தோன்றுகிறது. பிளாஸ்மா அணுப் புற்று என்பது அதன் பெயர்.

அபூர்வமான ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் இத்தனை இடம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தப் புற்றைச் சரியாக இனம் கண்டுகொண்டால், பெரும்பாலும் கத்தியைத் தொடாமலே குணப்படுத்திவிடலாம்; மனிதனுக்கு உயிரும் மிஞ்சும், குரலும் மிஞ்சும். இனம் காணத் தவறினாலோ, காப்பாற்றியிருக்கக்கூடிய குரலை வெட்டியெறியவும் நேரலாம்; வளரவிட்டு மூச்சையே அடைத்துக்கொள்ளவும் நேரலாம். பெயர் தெரிவதும் தெரியாமற் போவதும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் வியாதிகள் அதிகமில்லை.

காவலன் கள்வனாதல்

நம் ரத்தத்தில் வெள்ளணுக்கள் என்ற சேனை இருப்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தச் சேனையில் ஒரு பிரிவு, நோய்க்கிருமி உள்ளே வந்ததும் உருமாறிப் பிளாஸ்மா அணுக்களாகிறது. இவை ஆயுதம் வார்க்கும் பட்டறைகள். கிருமியைப் பிடித்துக் கட்டும் புரதப்பொருளை ஒவ்வோர் அணுவும் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்து ரத்தத்தில் விடுகிறது. இவற்றில் பல எலும்பு மஜ்ஜையில் குடியிருக்கின்றன. வெளிக்காற்றும் உணவும் நுழைகின்ற வாசல்களான மூக்கு, தொண்டை, குடல் ஆகிய இடங்களிலும் ஈரச்சவ்வின் அடியில் இவை காவல் காக்கின்றன.

இந்தக் காவலரில் ஒருவன் புத்தி பேதலித்து, கட்டுக்கடங்காமல் தன்னைப்போலவே ஆயிரம், லட்சம், கோடி என்று பெருகத் தொடங்கினால் அதுவே பிளாஸ்மா அணுப் புற்று. மஜ்ஜை முழுவதும் பரவி எலும்பைப் பல இடங்களில் அரித்தால் அதற்கு மைலோமா என்று பெயர். அதில் எலும்பு வலிக்கும், முறியும், ரத்தம் குறையும், சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் மிகும், மூத்திரக் காய்கள் பழுதாகும். ஒரே எலும்பில் ஒரே கட்டியாக நிற்பது இன்னொரு வகை. எலும்பை விட்டு வெளியே, மென்மையான தசையில் தனிக் கட்டியாகத் தோன்றுவது மூன்றாவது வகை. பிளாஸ்மா அணுப் புற்றுக்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரையில்தான் இந்த மூன்றாம் வகை. அப்படி வெளியே தோன்றுபவற்றில் ஐந்தில் நாலு பங்கு, மேலே சொன்ன மூக்கிலும் தொண்டையிலும் அவற்றை ஒட்டிய அறைகளிலுமே தோன்றுகின்றன. காவலர் திரளாக நிற்கும் வாசலில்தானே கள்வனாக மாறுபவனும் இருப்பான்!

குரல்வளையில் வரும்போது, பெரும்பாலும் குரல்வளை மூடியில் வரும். குரல் நாண்களிலும் அவற்றின் மேலுள்ள மடிப்புகளிலும் வருவதுண்டு. ஐம்பது முதல் எழுபது வயதுக்குள் இருப்பவர்களை அதிகமாய்ப் பிடிக்கிறது. ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்கள் என்ற விகிதத்தில் காண்கிறது. முதல் அடையாளம் குரல் கம்மல். பிறகு தொண்டையில் ஏதோ இருப்பதுபோன்ற உறுத்தல்; விழுங்கக் கஷ்டம்; முற்றினால் மூச்சு இழுக்கும்போது சீழ்க்கைபோல ஓசை. மெதுவாக வளர்வதும், வலியில்லாதிருப்பதும் இதன் வஞ்சகம். வலித்தால் மனிதன் வைத்தியரைத் தேடிப் போவான். வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழக்க யார் துணிவார்?

காரணம் என்ன? புகையிலையின் மீது சாதாரணத் தொண்டைப் புற்றுக்குச் சாட்டுவதுபோல் இதற்குச் சாட்ட இன்னும் ஆதாரமில்லை. உழவுத் தொழிலில் இருப்போரிடமும் பூச்சிமருந்து தெளிப்போரிடமும் மைலோமா சற்று மிகுதியாகக் காணப்படுவதாகச் சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன. மாந்தோப்பு நிறைந்த ஒரு பிரதேசம் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. எனினும் ஆலைப்புகையோ தோப்பு மருந்தோதான் தொண்டையில் இந்தக் கட்டியை உண்டாக்கிற்று என்று மேடையில் முழங்க எவருக்கும் இன்று சாஸ்திர ஆதாரம் கிடையாது. ஆதாரமின்றிப் பயமுறுத்துவது தேசத்தொண்டாகாது.

ஒரு சக்கரவர்த்தியின் தொண்டை

இந்தப் புற்றின் வரலாறும் ஒரு வியாபாரியிடமிருந்தே தொடங்குகிறது. 1845-ம் வருஷம் லண்டனில் எலும்பு வலியால் துடித்த வர்த்தகர் ஒருவரின் மூத்திரத்தை அவருடைய வைத்தியர்கள் பென்ஸ் ஜோன்ஸ் என்ற ரசாயன நிபுணருக்கு அனுப்பினார்கள். சூடாக்கினால் கரைந்தும் ஆறினால் உறைந்தும் விந்தை காட்டிய ஒரு புரதத்தை அவர் அதில் கண்டார். அந்த வர்த்தகர் 1846 பிறந்த அன்றே இறந்தார். அந்தப் புரதத்துக்கு ஜோன்ஸின் பெயர் நிலைத்தது. இன்றளவும் இந்த நோயைத் தேடுவதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கிறது. 1873-ல் மைலோமா என்ற பெயர் பிறந்தது. 1900-ல் அமெரிக்காவில் ரைட் என்பவர் மைலோமாவுக்கு மூலம் பிளாஸ்மா அணுக்களே என்று காட்டினார். 1905-ல், எலும்புக்கு வெளியே தோன்றும் கட்டியை ஜெர்மனியில் ஷ்ரிட் வர்ணித்தார்.

'பிளாஸ்மா அணு' என்ற சொல்லை 1875-ல் முதலில் வழங்கியவர் வால்டயர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றாசிரியர். அவர் அந்தப் பெயரிட்டது வேறு வகை அணுக்களுக்கு. இன்று நாம் அறியும் அணுக்களுக்கு அந்தப் பெயர் 1890-களில்தான் வந்து சேர்ந்தது. அதே வால்டயர் உலக சரித்திரத்தின் பிரசித்தமான ஒரு தொண்டைப் புற்றிலும் சம்பந்தப்பட்டார். அதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக் தாராள சிந்தையுள்ளவர் என்றும், அவர் அரியணை ஏறினால் அந்நாடு ஜனநாயக வழியில் திரும்பும் என்றும் பலர் நம்பியிருந்தார்கள். 1887 ஜனவரியில் அவருக்குக் குரல் கம்மிற்று. இடது குரல் நாணில் ஒரு சிறு கட்டி. அதைச் சுட்டுப் பார்த்தார்கள், மீண்டும் வளர்ந்தது. குரல்வளையைத் திறந்து அறுத்துவிட வேண்டும் என்று ஜெர்மானிய ரண வைத்தியர்கள் தீர்மானித்தார்கள். இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்ட மெக்கன்சி என்ற நிபுணர், 'முதலில் துணுக்கு எடுத்துச் சோதியுங்கள். பிறகு கத்தியை எடுங்கள்' என்றார். முறை சரியானதே. துணுக்குகளைச் சோதித்தவரோ அந்நாளில் உலகிலேயே சிறந்த நோய்க்கூற்று நிபுணரான விர்ச்சோ. அந்தத் துணுக்குகளில் அவர் புற்றைக் காணவில்லை. எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். நவம்பரில் உண்மை வெளிப்பட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழாயில் துளையிட்டார்கள். மார்ச்சில் அவர் துப்பிய சளியைச் சோதித்துப் புற்று என்று உறுதி கூறியவர் வால்டயர். அதே மாதம் பிரெடரிக் சக்கரவர்த்தியானார்; பேசும் சக்தி இல்லை, காகிதத்தில் எழுதிக் காட்டியே அரசாண்டார். 99 நாட்களில், ஜூன் 15-ம் தேதி இறந்தார். அவருக்குப் பின் வந்த மகன் வில்லியம் காலத்தில்தான் ஐரோப்பா 1914-ன் மகா யுத்தத்தில் விழுந்தது. ஒரு குரல் நாணின் கட்டியை ஆதியில் சரியாகக் கண்டிருந்தால் உலகத்தின் போக்கே மாறியிருக்குமோ என்று சரித்திரக்காரர்கள் இன்றும் வாதிக்கிறார்கள்.

பிரெடரிக்குக்கு வந்தது சாதாரண இனத்துப் புற்றுதான். பிளாஸ்மா அணுப் புற்றல்ல. ஆயினும் அவருடைய தொண்டை நமக்கு இரண்டு பாடங்களை வைத்துப் போயிருக்கிறது. துணுக்கைச் சோதிக்காமல் கத்தியை எடுக்காதே என்பது ஒன்று. ஒரு துணுக்கில் இல்லையென்றவுடன் நிம்மதியாகத் தூங்கிவிடாதே என்பது மற்றொன்று. பிளாஸ்மா அணுப் புற்றுக்கு இந்த இரண்டாம் பாடம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். இது சவ்வின் அடியில் வளர்வது. மேலே வழவழப்பான தோல் போர்த்திருக்கும். மேலாகக் கிள்ளியெடுத்த துணுக்கில் வெறும் வீக்கம் என்றே பதில் வரும். ஆழமாக எடுத்தால்தான் உண்மை அகப்படும்.

பெயர் தெரிந்தால் குரல் மிஞ்சும்

ஆழமாக எடுத்த பிறகும் வேலை முடிவதில்லை. காசநோயிலோ வேறு நெடுநாள் அழற்சியிலோ தொண்டையில் பிளாஸ்மா அணுக்கள் கூட்டமாய்ச் சேர்வதுண்டு. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோல் மயக்கும். அந்த அணுக்கள் செய்யும் புரதத்தில் கப்பா, லாம்ப்டா என்று இரண்டு இனம் உண்டு. விசேஷச் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது இரண்டும் கலந்திருந்தால் அது பல ஊர்க் காவலர் கூடியிருக்கும் அழற்சி. ஒரே இனம் மட்டும் தென்பட்டால், அது ஒரே கள்வனின் பிரதிகள் கூடியிருக்கும் புற்று. இந்தச் சாயப் பரீட்சையே வழக்கின் தீர்ப்பு. பிறகு ரத்தம், மூத்திரம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைச் சோதித்து, உடலெங்கும் படம் பிடித்து, மைலோமா இல்லை, இது தனிக்கட்டிதான் என்று நிச்சயிக்க வேண்டும்.

காசநோயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் குரல் கம்மலுக்குக் காசமும் ஒரு காரணம். அதைத் தேடிச் சோதிப்பது அவசியமே. ஆனால் சோதிக்காமலே காச மருந்தைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வைத்தியமல்ல, சூதாட்டம்.

தனிக்கட்டி என்று உறுதியானால் அதற்கு மருந்து கதிர் சிகிச்சை. இந்த அணுக்கள் கதிருக்கு எளிதில் மடிபவை. நாற்பது முதல் ஐம்பது கிரே அளவை இருபது, இருபத்தைந்து தவணைகளாக, நாலைந்து வாரங்களில் செலுத்துகிறார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல், அந்த இடத்திலுள்ள கட்டி அடங்கிவிடுகிறது. குரல்வளையை எடுக்க வேண்டியதில்லை. சாதாரணத் தொண்டைப் புற்று முற்றிவிட்டால் குரல்வளையையே அகற்றவேண்டி நேருகிறது. வியன்னாவில் பில்ரோத் 1873-ன் கடைசி நாளில் முதன்முதலாகப் புற்றுக்காகச் செய்த அந்தச் சிகிச்சை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் வாங்கும் கூலி மனிதனின் குரல். பிளாஸ்மா அணுப் புற்றுக்காரனிடம் அந்தக் கூலியைக் கேட்கத் தேவையில்லை. தவறான பெயர் சூட்டிக் கேட்பது அநியாயம்.

குணமான பிறகும் ஒரு கடமை மிஞ்சுகிறது. நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பேருக்குப் பல வருஷங்கள் கழித்து இது மைலோமாவாகத் தலையெடுக்கிறது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தத்தையும் மூத்திரத்தையும் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். மைலோமாவே வந்தாலும் இன்று பல வருஷங்கள் வாழ்வைத் தரும் மருந்துகள் இருக்கின்றன. நடிகை லிசா ரே 2009-ல் தமக்கு மைலோமா என்று அறிந்து, சிகிச்சை பெற்று, அதைப்பற்றி வெளிப்படையாகப் பேசியும் எழுதியும் வருகிறார். நடிகையும் பார்லிமெண்ட் மெம்பராக இருந்தவருமான கிரண் கேருக்கு இந்நோய் இருப்பது 2021-ல் வெளியாயிற்று. சிகிச்சைக்குப் பின் அவர் வேலைக்குத் திரும்பினார். பெயர் தெரிந்த நோயோடு போராடலாம். பெயர் தெரியாத நோயோடு எப்படிப் போராடுவது?

எவ்வளவு தூரம்?

இங்கேதான் போச்சம்பள்ளிக்குத் திரும்புகிறோம். அந்த ஊரிலிருந்து ஜில்லாத் தலைநகரான கிருஷ்ணகிரி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில் இருக்கிறது. இது பெரிய பேறு. புற்றுநோய்க்கென்றே தனிப் பெயர் பெற்ற ஆஸ்பத்திரிகள் என்றால், ஒரு பக்கம் பெங்களூர், மறு பக்கம் சென்னை. பெங்களூரில், ஓசூர் ரஸ்தாவிலேயே, 1973-ல் ஏற்பட்ட கித்வாய் நிலையம் இருக்கிறது. சுதந்திரப் போராட்ட வீரரும் நேருஜியின் மந்திரிசபையில் இருந்தவருமான ரபி அகமது கித்வாயின் பெயர் தாங்கியது அது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி நிறுவிய நிலையம் இருக்கிறது. தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ணாரக் கண்ட அந்த அம்மையார், முப்பது வருஷம் அந்த எண்ணத்தை மனத்தில் சுமந்தார். 1952-ல் நேருஜி அடிக்கல் நாட்டினார்; 1954-ல் பன்னிரண்டே படுக்கைகளோடு ஆஸ்பத்திரி பிறந்தது.

ஸ்தாபனங்கள் இருக்கின்றன, வழிதான் நீளமாயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். போச்சம்பள்ளிக்காரர் பெங்களூர் போய்வர இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இருபத்தைந்து தவணைக் கதிர் சிகிச்சைக்கு ஐயாயிரம் கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரம் போவதைக் காட்டிலும் இது அதிகம். சிகிச்சை நேரமோ நாளொன்றுக்குச் சில நிமிஷங்கள். அங்கேயே தங்குவதென்றால் ஐந்து வாரத்து வாடகை, சாப்பாடு, துணைக்கு ஓர் ஆள், அந்த ஆளின் கூலியும் நஷ்டம். ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் வழிச்செலவு இலவசமாவதில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு ஒரு துணை உண்டு. 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. காப்புறுதி ஏற்பாட்டில், நெடுநாள் வியாதிகளின் ஜாபிதாவில் புற்றுநோயும் சேர்ந்திருக்கிறது. அந்த வியாதிக்காரருக்குக் கூலியில் நூற்றுக்கு எண்பது வீதம், இரண்டு வருஷம் வரையில் கொடுக்க வழியிருக்கிறது. ஆனால் அதைப் பெற, இரண்டு வருஷம் தொடர்ச்சியாகக் காப்புறுதியுள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். கான்டிராக்டர் மாறும்போதெல்லாம் பெயரை அடித்துவிட்டுப் புதிதாக எழுதும் வழக்கம் எங்கே இருக்கிறதோ, அங்கே இந்தத் துணை காகிதத்தில் மட்டுமே நிற்கும். சந்தை வியாபாரிக்கு அந்தக் காகிதத் துணையும் இல்லை.

இதை எழுதும்போது அந்தப் பக்கத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியாரின் நினைவு வருகிறது. தர்மபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23-ம் தேதி உயிர்நீத்த சுப்பிரமணிய சிவத்தின் குரல் திருநெல்வேலிச் சீமையைத் தட்டியெழுப்பிய குரல். 1908-ல் அவரைச் சிறையில் தள்ளிய அந்நிய சர்க்கார், சிறையில் அவருக்குத் தொழுநோய் கண்ட பின், வியாதியஸ்தர் என்று காரணம் காட்டி ரயிலில் ஏறவும் தடை விதித்தது. அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். இன்று நோயாளி ரயிலேறக்கூடாது என்று தடுக்கும் சட்டம் இல்லை. தூரமும் கூலி நஷ்டமும் அந்தத் தடையைச் சத்தமில்லாமல் விதிக்கின்றன. சட்டம் விதித்த தடையை எதிர்த்தவர்களின் வாரிசுகள், வறுமை விதிக்கும் தடையைக் கண்டு வாளாவிருக்கலாமா?

செய்ய வேண்டியது

சர்க்காரிடம் கோடிக்கணக்கில் கேட்டு நாம் பட்டியல் நீட்டப் போவதில்லை. குரல்வளையை உயிருள்ள மனிதனிடம் முதன்முதலில் தெளிவாகக் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு வைத்தியர்கூட அல்ல. மான்வல் கார்ஸியா என்ற சங்கீத உபாத்தியாயர். 1854-ல், பல் வைத்தியரின் சிறு கண்ணாடி ஒன்று, கைக்கண்ணாடி ஒன்று, சூரிய வெளிச்சம் ஆகிய மூன்றையும் கொண்டு தம் தொண்டைக்குள் தம் குரல் நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அன்று அவர் செலவிட்டது சில காசுகள். குழாய் வழியாகப் படம் காட்டும் கருவிகள் வந்துவிட்ட இன்றும் பார்ப்பதுதான் முதல் வேலை. பார்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் முதல் கருவி.

ஆகவே ஊழியர்கள் தங்கள் தாலுகாவில் நாலு கேள்விகளைக் கேட்கட்டும். ஒன்று: மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியவருடைய தொண்டையைப் பார்க்கும் காது மூக்கு தொண்டை வைத்தியர், தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் எந்த நாளில் வருகிறார்? ஏற்பாடு இருந்தால் அந்த நாளை ஊரறியச் செய்யுங்கள். இல்லையென்றால் அது ஞாயிற்றுக்கிழமையாகவே அமையட்டும் என்று கேளுங்கள். சந்தைக்கு வரும் பதினாயிரம் ஜனங்கள் ஒரே பயணத்தில் இரண்டு காரியத்தையும் முடித்துக்கொள்வார்கள். இரண்டு: எடுத்த துணுக்கு எங்கே போகிறது, பதில் எத்தனை நாளில் வருகிறது, விசேஷச் சாயப் பரீட்சைக்கு நோயாளி தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? துணுக்கு பயணம் செய்யட்டும். நோயாளி வீட்டில் இருக்கட்டும். மூன்று: கதிர் சிகிச்சைக்குப் போகும் ஏழைக்கு வழிச்செலவும் தங்குமிடமும் யார் கொடுக்கிறார்கள்? எல்லையைத் தாண்டிப் பெங்களூரில் சிகிச்சை பெறுபவரை, 'எந்த மாகாணத்து அட்டை?' என்று கேட்டு இழுத்தடிக்காதிருக்க இரு சர்க்கார்களும் என்ன உடன்பாடு செய்திருக்கின்றன? நான்கு: கான்டிராக்டுத் தொழிலாளரின் காப்புறுதி அறுபடாமல் தொடர்கிறதா?

2021 ஆகஸ்டு 5-ம் தேதி, மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் துவக்கப்பட்டது இதே ஜில்லாவிலுள்ள சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் எண்ணம் இங்கே பிறந்தது என்பதில் ஜில்லாவாசிகள் பெருமை கொள்ளலாம். வாசல் வரையில் போகும் ஊழியர் இன்னும் ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரமாகும்? 'குரல் கம்மி எத்தனை நாளாயிற்று?' இந்த ஒரு கேள்வி அபூர்வமான பிளாஸ்மா அணுப் புற்றை மட்டுமன்று, அதைவிடப் பன்மடங்கு அதிகமான சாதாரணத் தொண்டைப் புற்றையும் காசத்தையும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடும். அபூர்வ நோய்க்கென்று திறக்கும் கதவு எல்லோருக்கும் வழிவிடுகிறது.

தலைவர்களுக்கும் ஊழியர்களுக்கும் கடைசியாக ஒரு விண்ணப்பம். பிறருக்கு உபதேசிக்கு முன் உங்கள் தொண்டையைக் கவனியுங்கள். ஒலிபெருக்கிக்கு முன் தேய்ந்த குரல் இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் தெளியவில்லையென்றால், மூன்றாம் வாரம் மேடைக்குப் போகாமல் வைத்தியரிடம் போங்கள். போய்வந்த செய்தியை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். கதர் உடுத்தச் சொல்லு முன் தாம் உடுத்திக் காட்டிய பெரியோர் வழியில் வந்தவர்கள் நாம். தலைவன் தொண்டையைக் காட்டினான் என்று தெரிந்தால் சந்தையில் கூவுகிற தொண்டனும் வாயைத் திறந்து காட்டுவான்.

ஜனநாயகம் என்பது ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு குரல் உண்டு என்ற கொள்கை. காகிதத்தில் அந்தக் குரலை வாங்கிக் கொடுத்துவிட்டோம். போச்சம்பள்ளிச் சந்தையில் கம்மிப்போயிருக்கும் ஒரு குரலை, அது அடங்குமுன் கேட்டு, காரணத்தைக் கண்டு, மீட்டுக் கொடுப்பதும் அந்தக் கொள்கையைச் சேர்ந்ததே. வருகிற ஞாயிறன்று சந்தைக்குப் போகிறவர்கள், விலையைக் கேட்பதோடு நில்லாமல், விலை சொல்கிறவரின் குரலையும் சற்றுக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.